மழையோடு வந்த சாம்பல்கால் கானாங்கோழி

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், போன ஐப்பசி மழையோடு ஒரு பறவை வந்து ஒதுங்கியது. விடியப்புறம் தங்கச்சிதான் கண்டாள். கதிரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றது, கிட்டப் போனாலும் பறக்கவில்லை. "அண்ணா, கானாங்கோழிக் குஞ்சு ஒண்டு வந்து நிக்குது" என்றாள்.

கிணற்றடியில் நாம் அன்றாடம் காணும் கானாங்கோழிக்கு முகமும் நெஞ்சும் வெள்ளை. இதற்கோ தலையும் நெஞ்சும் செங்கபிலம், தொண்டை வெளிறல், வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாக நெருக்கமான குறுக்குக் கோடுகள். கால் சாம்பல் நிறம். காலைக் கட்டாயம் பாருங்கள். வயலோரங்களில் திரியும் செந்நெஞ்சுக் கானாங்கோழிக்குக் கால் சிவப்பு. எங்கள் வீட்டுக்கு வந்தது சாம்பல்கால் கானாங்கோழி, ஆங்கிலத்தில் ஸ்லேட்டி லெக்ட் கிரேக் என்பார்கள். 25 சென்ரிமீற்றர் நீளம்தான், ஆனால் குஞ்சு இல்லை, வளர்ந்த பறவை.

இதன் இடம் மலைக்காடுகளின் ஈரத் தரை. சருகைக் கிளறிப் புழு, பூச்சி, நத்தை தின்னும். ஆள் அரவம் கேட்டால் பெரும்பாலும் பற்றைக்குள் ஓடிவிடும், லேசில் பறக்காது. அப்படிப்பட்டது இந்தியாவில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி தொடங்க இரவிரவாகக் கடல் கடந்து இலங்கைக்கு வருகிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. வந்து இறங்கும்போது களைத்துப்போய், கொழும்பில்கூட வீடுகளுக்குள் புகுந்துவிடுவதுண்டு. பிறகு மலைநாட்டுப் பக்கம் போய்விடும்.

அம்மா சோறும் பாலும் வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிச் செத்தும் போகலாம். துவாயால் மூடித் தூக்கி, காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டியில் விட்டு, இருட்டு அறையில் வைத்தோம். பக்கத்து வீட்டுப் பூனை வாசலிலேயே கிடந்தது, அதுதான் பெரிய பயம். படம் எடுக்க வந்த பெடியங்களையும் திருப்பி அனுப்பினேன். அந்த நேரத்தில் அதற்குத் தேவை அமைதி மட்டும்தான்.

பொழுதுபடக் கிளுவை வேலியடியில் பெட்டியைச் சரித்தோம். வெளியே வந்து, வாலை இரண்டு தரம் வெட்டி ஆட்டிவிட்டு, வடலிப் பற்றைக்குள் நடந்துபோனது.

வடமராட்சி, தீவுப்பகுதி ஆட்கள் யாரும் இதைக் கண்டிருக்கிறீர்களா? கண்டிருந்தால் திகதி, இடம், கால் நிறம் மூன்றையும் எழுதுங்கள். இவை இரவில் வந்து இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் தேவையில்லாத வெளி லைற்றை இரவில் அணைத்துவிடுங்கள், நாய் பூனையையும் கட்டுப்படுத்தி வையுங்கள்.