பிள்ளை வண்டி இருக்கை: பேட்டண்ட் போட முதல் பழையதை எப்படித் தேடுவது? (அவசரம்)

கொக்குவிலான்
வணக்கம். நான் ஒரு பிள்ளை வண்டி செய்திருக்கிறேன். இருக்கை மாறும் மொடல். இதற்குப் பேட்டண்ட், அதாவது ஆக்கவுரிமை, எடுக்கலாம் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் முன்பு யாராவது செய்திருந்தால் தரமாட்டார்களாம். கூகிளில் தேடினேன், இதேபோல ஒன்றும் வரவில்லை. கூகிளில் இல்லையென்றால் சரிதானே? வேறு எங்கே பார்க்க வேண்டும்? இந்தக் கிழமைக்குள் தெரிய வேண்டும். படம் போடமாட்டேன், களவெடுத்துவிடுவார்கள்.

இணுவில் அக்கா
தம்பி, இருக்கை எதுவாக மாறும்? தொட்டிலாகவா, கார் இருக்கையாகவா, சாப்பாட்டுக் கதிரையாகவா? முன்பக்கம் பின்பக்கம் திரும்புவதைத்தான் மாறும் என்கிறீர்களா? அதைச் சொல்லாமல் எதைத் தேடச் சொல்வது?

சில்லுக்காரன்
எந்த நாட்டில் போடப் போகிறீர்கள்? இலங்கையில் என்றால் யோசிக்காமல் போடுங்கள். வெளிநாட்டுப் பேட்டண்ட் இங்கே செல்லாது. அவன் அங்கே எடுத்ததற்கு நாங்கள் இங்கே ஏன் பயப்பட வேண்டும்?
அதோடு சில்லு எத்தனை அங்குலம்? யாழ்ப்பாணத்தில் பிள்ளை வண்டி ஓடாததற்குக் காரணம் இருக்கை இல்லை, சில்லுதான்.

லண்டன் கிழவன்
திரும்பும் இருக்கை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். 1889 இல் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் அமெரிக்காவில் பேட்டண்ட் எடுத்துவிட்டார். தொட்டிலைத் தாயின் பக்கமும் திருப்பலாம், வீதியின் பக்கமும் திருப்பலாம். உயரக் கதிரையாக மாறுவது என்றாலும் பழையதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த மரக் கதிரைகள் இங்கே பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் மேசை உயரத்துக் கதிரை, மடித்தால் சில்லு வைத்த வண்டி. நான் கையால் மடித்தே பார்த்திருக்கிறேன்.

பழைய பேனா
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன். மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது, அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. இருந்தாலும் சில்லுக்காரன் சொன்னதை நம்பி யாரும் காசைத் தொலைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வெளிநாட்டுப் பேட்டண்டுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்பது சரி. ஆனால் அது வெளியான ஆவணம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், உலகில் எங்கே வெளியானாலும் அதைப் பழையது என்றுதான் கணக்கெடுக்கிறது. எழுத்தில் வந்தாலும், வாயால் சொன்னாலும், பாவனையில் இருந்தாலும் ஒன்றுதான். காலாவதியான பேட்டண்டும் அதில் அடங்கும். ஆகவே ரிச்சர்ட்சனின் 1889 ஆவணம் உங்களை வண்டி செய்ய விடாமல் தடுக்காது, ஆக்கவுரிமை எடுக்க விடாமல் தடுக்கும். இரண்டும் வேறு வேறு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

சில்லுக்காரன்
சின்னப் பிள்ளைக்கு விளங்கும் என்றால் சின்னப் பிள்ளையிடமே கேட்டிருக்கலாம். செய்து விற்கத் தடை இல்லை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்? அப்போது தம்பிக்குப் பேட்டண்ட் எதற்கு? பத்து வண்டி அடித்து விற்றால் போதும்.

பழைய பேனா
பதினோராவது வண்டியைச் சுன்னாகத்தில் நீங்கள் அடிப்பீர்கள். அதற்குத்தான்.

வடிவமைப்பாளினி
பேட்டண்ட் வேண்டாம் தம்பி, கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியுங்கள். 5 வருடம், புதுப்பித்தால் 15 வருடம் வரை. செலவும் தலையிடியும் குறைவு. நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

இணுவில் அக்கா
வடிவமைப்பு தோற்றத்தை மட்டும்தான் காக்கும். தம்பியின் சங்கதி பொறிமுறை போலத் தெரிகிறது. அவர் வந்து சொல்லட்டும். தம்பி, இன்னொன்றும் கேட்கிறேன்: இது கம்பஸ் இறுதியாண்டு வேலையா? அறிக்கை நூலகத்தில் வைத்தாயிற்றா?

கொக்குவிலான்
கம்பஸ் இல்லை, வீட்டில் செய்தது. இருக்கை கழரும். கழற்றிச் சாதாரணப் பிளாஸ்ரிக் கதிரையில் கொழுவினால் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தலாம். படுக்கவும் சரிக்கலாம். அடியில் சைக்கிள் பிறேக் பிடி ஒன்று போட்டிருக்கிறேன். இழுத்தால் பிறேக் கம்பி இரண்டு பக்கத்து ஊசிகளையும் உள்ளே இழுக்கும், இருக்கை கையோடு வரும். ஆனால் முதுகு சரிந்திருந்தால் ஊசி வராது. சரியும்போது ஒரு தகடு ஊசியின் வெட்டுக்குள் விழுந்துவிடும். பிள்ளை படுத்திருக்கும்போது யாராவது தெரியாமல் இழுத்தாலும் கழராது.
மச்சான் பாரிசில் விற்கலாம் என்கிறார். அவர் போட்ட டிக்டொக் வீடியோவுக்கு நல்ல வரவேற்பு.

பழைய பேனா
வீடியோவா?!

இணுவில் அக்கா
தம்பி, படம் போட்டால் களவெடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு வீடியோ விட்டிருக்கிறீர்கள்! எப்போது போட்டது? அதில் அந்தத் தகடு தெரிகிறதா, அல்லது இருக்கை கழர்வது மட்டும்தானா? இது மிக முக்கியம். இலங்கையில் விண்ணப்பிப்பவர் தானே வெளியிட்டது என்றால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அமெரிக்காவிலும் ஒரு வருடம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. விண்ணப்பத் திகதிக்கு முதல் நீங்களே காட்டியிருந்தாலும் புதுமை போய்விடும். பாரிஸ் என்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன். மச்சானிடம் சொல்லி அதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தால் நடந்தது இல்லாமல் போகாது, ஆனால் இன்னும் பரவாது.

தேடுவதற்கு வருகிறேன். வண்டியைத் தேடாதீர்கள், அந்தத் தகட்டைத் தேடுங்கள். கழரும் இருக்கை, கதிரையாகும் இருக்கை எல்லாம் உலகம் முழுக்க இருக்கின்றன. 2003 இல் வந்த ஸ்டொக்கே எக்ஸ்புளோரியிலேயே இருக்கையை உயர்த்தி மேசையோடு சேர்த்து வைக்கலாம். உங்களிடம் புதிதாக ஏதாவது இருக்குமென்றால் அது 'சரிந்திருக்கும்போது கழராத பூட்டு' மட்டும்தான்.

கூகிளின் சாதாரணத் தேடல் போதாது. கூகிள் பேட்டண்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெநெட், வைப்போவின் (உலகப் புலமைச் சொத்து அமைப்பு) பேட்டண்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். சொல்லை மட்டும் அடித்தால் தப்பிவிடும். அமெரிக்கன் ஸ்ட்ரோலர் என்று எழுதுவான், பிரித்தானியன் புஷ்செயார் என்பான், பழைய ஆவணத்தில் பெரம்பியுலேட்டர் என்று இருக்கும். அதனால் பேட்டண்டுகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகுப்பு இலக்கத்தால் தேட வேண்டும்.

பழைய பேனா
இலக்கங்களை நான் தருகிறேன், அக்கா எழுதினால் விடியும். ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: பிள்ளை வண்டிக்கு பி62பி 7. அதில் 7/12 வேறு பொருளாக மாறும் வண்டி, 7/14 கழரும் அல்லது சுழலும் உடல் உள்ள வண்டி. வண்டியின் உடல் பாகங்களுக்கு பி62பி 9/10. பிள்ளைகளின் கதிரைக்கு ஏ47டி. பி60என் 2/28 ஐயும் விடாதீர்கள், கார் பிள்ளை இருக்கை அதில்தான். இப்படிப்பட்ட பூட்டுகளை அதிகம் செய்தவர்கள் கார் இருக்கைக்காரர்கள்.

கிட்டத்தட்ட ஒத்த ஆவணம் ஒன்று கிடைத்ததும் அதோடு நிற்காதீர்கள். அது எதை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் போங்கள். பேட்டண்ட் அலுவலகம் பழையதைத் தேடி எழுதிய தேடல் அறிக்கை இணைந்திருந்தால், அதில் ஒவ்வொரு பழைய ஆவணத்துக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'எக்ஸ்' என்றால் அந்த ஒன்றே ஆளைக் கவிழ்க்கப் போதும். 'வை' என்றால் இன்னொன்றோடு சேர்த்தால் கவிழ்க்கும். 'ஏ' பின்னணி மட்டும்.
வாசிக்கும்போது கோரிக்கைகளை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்ற பகுதியை, மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழையதா என்று பார்க்க முழு விவரணமும் கணக்கு, வரைபடமும் கணக்கு. இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

லண்டன் கிழவன்
அந்த மரக் கதிரைகளையும் பாருங்கள் தம்பி. அவற்றிலும் ஒரு கொழுக்கி உண்டு, நிமிர்ந்தால் தானாக விழுந்து பிடிக்கும். எல்லாவற்றையும் விக்டோரியா காலத்து ஆசாரிமார் செய்துவிட்டார்கள்.

பழைய பேனா
ஐயா, அது நிமிர்ந்தால் பிடிக்கும், இது சரிந்தால் பிடிக்கும். எதிர்ப்பக்கம்.

லண்டன் கிழவன்
கொழுக்கி கொழுக்கிதான்.

சில்லுக்காரன்
சில்லைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நல்லூர் திருவிழா 25 நாளும் வெளிவீதி மணலில் இந்த வண்டியைத் தள்ளிப் பாருங்கள். முன்சில்லு புதைந்து பிள்ளை முன்னுக்கு வரும். மக்லாரன் என்ற விமானப் பொறியியலாளர் 1965 இல் குடைபோல மடியும் வண்டியைச் செய்தது இங்கிலாந்துத் தார் வீதிக்கு. எங்கள் ஒழுங்கைக்கு 12 அங்குலக் காற்று ரயர் வேண்டும்.

வடிவமைப்பாளினி
திருவிழாவுக்கு யார் வண்டியோடு போகிறார்கள்? இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போகிறோம். இங்கே வண்டி வைத்திருப்பது ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள். அவர்களும் விமான நிலையத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

சில்லுக்காரன்
அக்கா, மூன்று வயதுப் பிள்ளையை வெளிவீதி சுற்றி இடுப்பில் வைத்துப் பாருங்கள், பிறகு கதையுங்கள். எனக்கு நாரி போய்விட்டது.

இணுவில் அக்கா
இருவரும் வேறு இழை திறந்து சண்டை பிடியுங்கள். சில்லுக்காரன் அண்ணா, நீங்கள் சொன்ன ரயரும் பழையதுதான், ஓட்டப் பயிற்சிக்காரர் தள்ளும் வண்டிகளில் காற்று ரயர் வந்து கனகாலம்.
தம்பி, வீடியோ எப்போது போட்டது? திகதி?

கொக்குவிலான்
எல்லோருக்கும் நன்றி. 7/14 இல் தேடினேன். சீன ஆவணம் ஒன்று வந்தது, இயந்திர மொழிபெயர்ப்பில் வாசித்தேன். இருக்கை கழர்வது, கம்பி இழுப்பது இரண்டும் அப்படியே இருக்கின்றன. தகடு இல்லை. தகட்டை வைத்து மட்டும் எழுதப் போகிறேன். கொழும்புப் புலமைச் சொத்து அலுவலகத்துக்குத் திங்கள் போகிறேன். மச்சான் வீடியோவை எடுத்துவிட்டார்.

பழைய பேனா
நல்லது. ஆனால் தகடு இல்லாததால் புதுமை மட்டும்தான் தப்பும், புத்தாக்கப் படி, அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாதது என்ற நிபந்தனை, தப்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தச் சீன ஆவணத்தையும், சரிந்தால் பூட்டும் ஒரு கார் இருக்கையையும் சேர்த்து 'இது யாருக்கும் தோன்றும்' என்று பரிசோதகர் கேட்பார். அதற்குப் பதிலை இப்போதே எழுதி வையுங்கள். பி60என் ஐப் பார்த்தீர்களா? சீன ஆவணத்தின் இலக்கத்தையும் இங்கே போடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

இணுவில் அக்கா
வீடியோவின் திகதியை இன்னும் சொல்லவில்லை. எடுக்க முதல் அதை ஒரு படமாவது எடுத்து வைத்தாரா மச்சான்? ஒரு வருடக் கணக்கு காட்ட அது தேவைப்படும்.

பழைய பேனா
இலக்கம்?

சில்லுக்காரன்
ஆள் கொழும்புக்குப் போய்விட்டார் போல. தம்பி, திரும்பி வந்தால் சுன்னாகத்துக்கு ஒருக்கால் வாருங்கள், 12 அங்குல ரயர் இரண்டு சோடி என்னிடம் கிடக்கிறது. பேட்டண்ட் கேட்கமாட்டேன்.