வண்டி சீட்டுக்கு அசிட்டோனா? "அரைநாள் வேலை"ன்னு சொன்ன மகானுக்கு

ஸ்டியரிங்சாமி:
நேத்து வேற இழைல, வண்டி உள்பக்கத்துக்கு சாயம் போடறத பத்தி கருப்புதுரைங்கறவரு எழுதினத அப்படியே போடறேன், "பழைய வண்டி லெதர் சீட்டு, டாஷ்போர்டு, டோர் பேட் எல்லாத்துக்கும் ஒரே டை போதும், அசிட்டோன் துணியால ஒரு இழுப்பு, மேல ஸ்ப்ரே, அரைநாள் வேலை". படிச்சதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. அசிட்டோன்ங்கறது பெயின்டயே கரைக்கற திரவம், அத பிளாஸ்டிக்ல வெச்சா இளகிப்போய் விரல் ரேகை அப்படியே பதியும்யா. இத நம்பி எத்தன பேரு துணியோட நிக்கறாங்களோ.

கருப்புதுரை:
என் பேருல இழை தொறந்து விளம்பரம் குடுத்ததுக்கு நன்றி சாமி. 2006 மாடல், சாம்பல் சீட்ட கருப்பாக்கி மூணு வருஷம் முடிஞ்சுது, ஒரு இடத்துல உரியல. அசிட்டோன்லதான் துடைச்சேன். அவ்ளோதான் என் பதில்.

பின்சீட்டு:
ரெண்டு பேரும் முதல்ல எத லெதர்னு சொல்றீங்க? நிறைய வண்டில உக்கார்ற இடம் மட்டும்தான் தோலு, சைடும் பின்பக்கமும் வினைல், அதாவது பிளாஸ்டிக் தோலு. அப்புறம் டைனா தோலுக்குள்ள ஊறணும், நீங்க அடிக்கறது மேல படியற பிக்மென்ட், கிட்டத்தட்ட பெயின்ட். ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, உள்ள இழுத்து அந்த இடம் கறுத்தா கோட்டிங் இல்லாத தோலு, உருண்டு நின்னா மேல கோட்டிங் இருக்கு. ரெண்டுக்கும் வேலையே வேற.

ஸ்டியரிங்சாமி:
சொட்டு தண்ணி கிடக்கட்டும் சார், அசிட்டோனுக்கு வாங்க.

கருப்புதுரை:
ஆமா அசிட்டோனுக்கே வாங்க. சாயம் போடற கிட்ல ப்ரெப்னு ஒரு பாட்டில் வருதே, பழைய கோட்டிங்கோட பளபளப்ப எடுக்க, மூடிய தொறந்து மோந்து பாருங்க. பல கிட்ல அதுவும் கரைப்பான்தான். அவங்க போட்டா ப்ரெப்பு, துரை போட்டா தப்பா?

ஸ்டியரிங்சாமி:
சரி, எப்படி செய்யணும்னு நானே சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. என் வண்டி டிரைவர் சீட்டு, கதவுப் பக்கம் தூக்கலா இருக்குமே அந்த ஓரம், ஏறி இறங்கி ஏறி இறங்கி உரசி, காஞ்ச ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சு கெடந்துச்சு, மொத நாள் பூரா லெதர் கிளீனர் நுரைய மெத்து பிரஷ்ல தேய்ச்சு துடைச்சேன், வெள்ளத்துணி செம்மண்ணாட்டம் வந்துச்சு, மூணாவது துணிலதான் தெளிஞ்சுது. அப்புறம் மேல லேசா உரச சாம்பல் கலர் ஸ்கஃப் பேட், வெடிப்புல மட்டும் 600 நம்பர் உப்புத்தாள், கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். ஆல்கஹால்! அசிட்டோன் இல்ல! வருஷக்கணக்கா பூசின டாஷ்போர்டு பாலிஷ்ல சிலிகான் இருக்கும், அது துளி மிச்சம் இருந்தாலும் சாயம் விலகி மீன்கண்ணு மாதிரி வட்டம் வட்டமா நிக்கும். வெடிப்ப அடைக்க ஃபில்லர், சாயத்துல மொத கோட்டு ஸ்பான்ஞ்ல ஒத்தி ஒத்தி உள்ள எறக்கணும், அப்புறம் ஏர்பிரஷ்ல மெல்லிசா நாலு கோட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஹேர் டிரையர், முடிவுல ஹார்டனர் (இறுக வைக்கற மருந்து) கலந்த, பளபளப்பில்லாத மேட் டாப் கோட்டு. எனக்கு நாலு நாள் ஆச்சு. அரைநாளாம்!

கருப்புதுரை:
நாலு நாள்ல மூணு நாள் அத எழுதறதுக்கு ஆயிருக்கும்.

மெக்கானிக்மகள்:
சாமி ஐயா, ஒரு திருத்தம். அசிட்டோன் எல்லா பிளாஸ்டிக்கையும் கரைக்காது. ட்ரிம்ம, அதான் உள்பக்க பிளாஸ்டிக் மூடிய, கழட்டி பின்பக்கம் பாருங்க, என்ன பிளாஸ்டிக்னு அச்சுலயே எழுத்து இருக்கும். ஏபிஎஸ்னா (பிரேக் இல்ல, ஒரு வகை பிளாஸ்டிக்) அசிட்டோன்ல இளகும், நீங்க சொன்னது சரி. பிபி, அதாவது பாலிப்ரோப்பிலீன்னா அசிட்டோன் ஒண்ணும் பண்ணாது. ஆனா அதுல சாயமே ஒட்டாது, சாயத்த பிடிக்க வைக்கறதுக்குன்னு இருக்கற அட்ஹீஷன் ப்ரமோட்டர் மொதல்ல அடிக்கணும், இல்லாட்டி கியர் பக்கத்துல இருக்கற கன்சோல் ஓரத்துல சாவிக்கொத்து பட்டாலே தோல் உரிச்ச மாதிரி வரும். துரை அண்ணா, உங்க "ஒரே டை" அங்கதான் இடிக்குது.

ஸ்டியரிங்சாமி:
அதத்தான் தம்பி நானும் சொல்றேன், அசிட்டோன் கூடாது.

மெக்கானிக்மகள்:
நான் அத சொல்லல. அப்புறம் தம்பி இல்ல. பேருலயே மகள்னு இருக்கு.

கருப்புதுரை:
பாத்தீங்களா, பிபிய அசிட்டோன் ஒண்ணும் பண்ணாதாம்! மகள் வாக்கு. கேஸ் முடிஞ்சுது. ஹெட்லைட்டுல மேல மங்கலா இருக்குன்னு தின்னர ஊத்தி தேய்ச்சு மொத்தத்தையும் பாலாட்டம் ஆக்கிட்டு, அந்த இழையே காணாம போச்சே, நெனப்பு இருக்கா சாமி? அந்த பயத்துலதான் இப்ப பாட்டில கண்டாலே நடுங்கறாரு.

ஸ்டியரிங்சாமி:
ஹெட்லைட் பாலிகார்பனேட், அது தின்னர் பட்டா வெளுக்கும், அந்த அனுபவத்துலதான் சொல்றேன்! சூடு பட்டவன் சொன்னா கேக்கணும். இழைய நான் அழிக்கல, படம் பெருசா இருந்துச்சுன்னு எடுத்தாங்க. நீ மட்டும் என்ன, சீட்டு போட்டோ போட்டியே, தையல் நூலு கூட கருப்பு! சாயம் படாம மறைக்க மாஸ்கிங் டேப்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா?

கருப்புதுரை:
நூலு கருப்பா இருந்தா அழகு. அது ஸ்டைலு. அதுக்குன்னு கண்ணு வேணும்.

டிக்கிதொறந்தவன்:
ஸ்டைலா இருக்கட்டும் ப்ரோ, வெள்ளச் சட்டையோட உக்காந்தா முதுகுல வரி விழுதா?

கருப்புதுரை:
விழாது. மொத மாசம் லைட்டா.

ஸ்டியரிங்சாமி:
ஹாஹா. மொத மாசம் லைட்டா! டாப் கோட்ல ஹார்டனர் கலந்து ஆற விட்டிருந்தா ஏன்யா ஒட்டப்போகுது? எல்லாம் அசிட்டோன் பண்ணின வேலை.

பின்சீட்டு:
சட்டைல ஒட்டறதுக்கும் அசிட்டோனுக்கும் என்ன சம்பந்தம்? டாப் கோட்டு பிரச்சனைன்னு நீங்களே சொல்லிட்டு நீங்களே மாத்தறீங்க. இன்னொண்ணு, டாஷ்போர்டுல ஏர்பேக் மூடி, சீட்டு சைடுல ஏர்பேக் பிரிய வேண்டிய தையல், இது ரெண்டையும் தொடாதீங்க, ஃபில்லரும் தடி கோட்டும் பிரியற கோட்டுல போனா ஆபத்து. இத ஒருத்தரும் பேசல.

ஸ்டியரிங்சாமி:
சார் நீங்க சொட்டு தண்ணிலேர்ந்து ஆரம்பிச்சு ஏர்பேக் வரைக்கும் போயிட்டீங்க. நான் 18 வருஷமா ஒரே வண்டிய வெச்சு மேய்க்கறவன், கதவு பிடி தேஞ்சு போற வேகத்த வெச்சே யாரு எவ்ளோ ஓட்டிருக்கான்னு சொல்லுவேன். தோல்ல அசிட்டோன் பட்டா இருக்கற எண்ணெய்ப் பசையும் போயி வறட்டியா ஆகும், ஆறு மாசத்துல மறுபடி வெடிக்கும். அசிட்டோன் கூடாதுன்னா கூடாது.

கருப்புதுரை:
மூணு வருஷம் சாமி. மூணு. வருஷம்.

ஸ்டியரிங்சாமி:
வெயில்ல நிறுத்திருக்க மாட்ட.

கருப்புதுரை:
வெயில்ல மட்டும்தான் நிக்குது. வாங்க, கை வெச்சு பாருங்க.

புதுசா_வந்தேன்:
அண்ணன்களே, குறுக்க பேசறதுக்கு மன்னிச்சிருங்க. காலைலேர்ந்து துணியும் கையுமா உக்காந்திருக்கேன், டோர் பேட் ரெண்டையும் கழட்டியாச்சு, ஒரு கிளிப்பு உடைஞ்சிருச்சு. துடைக்கலாமா வேணாமா?

கருப்புதுரை:
துடைங்க.

ஸ்டியரிங்சாமி:
துடைக்காதீங்க.

மெக்கானிக்மகள்:
கழட்டிட்டீங்கல்ல, பின்பக்கம் திருப்பி எழுத்த பாருங்க.

புதுசா_வந்தேன்:
பாத்தேன் அக்கா, அழுக்கா இருக்கு, ஒண்ணும் தெரியல. வீட்ல அசிட்டோன் தீந்துபோச்சு, நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கு. அதுவும் அதானே?

கருப்புதுரை:
அதேதான், போடுங்க.

மெக்கானிக்மகள்:
அய்யோ போடாதீங்க, சில ரிமூவர்ல எண்ணெய் கலந்திருப்பாங்க, அது படிஞ்சா சாயம் ஒட்டாது.

ஸ்டியரிங்சாமி:
யோவ் துரை! நெயில் பாலிஷ் ரிமூவரா? இரு, ஆபீஸ் முடிஞ்சு வந்து இதுக்கு தனியா எழுதறேன்.