பத்திரிகையில் பிரபு பெயர்

பெரியப்பா: அப்பாவின் 80ஆம் கல்யாணப் பத்திரிகை நாளை அச்சுக்குப் போகிறது. பேரன் பேத்திகள் வரிசையில் எல்லோரையும் ஜோடியாகப் போட்டாயிற்று. கல்யாணம் செய்யாமல் நந்தினியோடு சேர்ந்து வாழும் பிரபு பெயரை அவள் பக்கத்தில் போடலாமா? போட்டால் என்னவென்று போடுவது?

மதுரை அத்தை: தாலி கட்டாமல் மாப்பிள்ளை என்று எப்படி அச்சடிப்பது அண்ணா? சம்பந்தி வீட்டில் கேட்டால் நான் என்ன சொல்ல?

சித்தி: நண்பர் என்று போடலாமா மாமா? எங்கள் தெருவில் நான் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

கார்த்தி: நண்பர் வேண்டாம் சித்தி. போன வருடம் நந்தினி ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் நண்பர் என்று எழுதினார் பிரபு. உங்கள் கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா ஈரோட்டிலிருந்து போய்ச் சேரும் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

சித்தி: ஆமாம்பா. ராத்திரி முழுக்கக் கூடவே இருந்த பிள்ளை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதுரை அத்தை: இது எனக்கு யாருமே சொல்லவில்லையே.

கார்த்தி: வக்கீலாகவும் ஒன்று சொல்கிறேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டம், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. எது அப்படிப்பட்ட உறவு என்று 2010இல் வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நம் கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குதான் அது. இருவருக்கும் திருமண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு திருமண பந்தம் இருக்கக் கூடாது, விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, ஊர் அறியத் தம்பதி போலவே நடந்துகொண்டிருக்க வேண்டும். குடும்பமே நண்பர் என்று அச்சடித்தால் நாளைக்கு அது நந்தினிக்கு எதிராகப் பேசும்.

பெரியப்பா: சரி. பெயர் போட்டால் சொத்தில் ஏதும் சிக்கல் வருமா?

கார்த்தி: பத்திரிகையால் யாரும் வாரிசு ஆக முடியாது பெரியப்பா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் சேர்ந்து வாழ்பவருக்குப் பங்கே கிடையாது. அதனால்தான் இரண்டு பேரையும் உயில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நந்தினி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். பெரியப்பா, மாப்பிள்ளை என்று போடாதீர்கள். கல்யாணம் வேண்டாம் என்பது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு, பத்திரிகைக்காக அதை மாற்றிச் சொல்ல வேண்டாம். ஆபீஸில் பார்ட்னர் என்கிறேன், அங்கே யாரும் மேலே கேட்பதில்லை. வீட்டு ஓனரிடம் மட்டும் எங்கள் வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் வீடு கிடைக்காது. நண்பர் என்று நம் வீட்டுப் பத்திரிகையிலேயே வந்தால் பிரபுவுக்கு ரொம்ப வலிக்கும். மற்றவர்களைப் போல எங்களையும் ஒரே வரியில், நந்தினி – பிரபு என்று போடுங்கள். அது போதும்.

மதுரை அத்தை: சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் நேரில் வந்தால் நான் என்னவென்று கூப்பிடுவது? மாப்பிள்ளை என்று கூப்பிட எனக்கு வாய் வராது கண்ணு.

நந்தினி: பிரபு என்றே கூப்பிடுங்கள் அத்தை. போன பொங்கலுக்கு அப்படித்தானே கூப்பிட்டீர்கள்.

மதுரை அத்தை: அப்போது தெரியாமல் கூப்பிட்டது. இனிமேல் தம்பி என்கிறேன்.

சித்தி: மாமா, பிரபுவின் அம்மா அப்பாவுக்கும் பத்திரிகை வைக்க வேண்டுமே. கூரியரில் அனுப்பினால் நன்றாக இருக்காது.

பெரியப்பா: கூரியர் எதற்கு? வெற்றிலை பாக்கோடு நானும் உன் பெரியம்மாவும் நேரில் போகிறோம் நந்தினி. வரும் ஞாயிறு அவர்கள் வீட்டில் இருப்பார்களா என்று கேட்டுச் சொல். பிரபுவின் இனிஷியலையும் சாயங்காலத்துக்குள் அனுப்பு.