இலையெல்லாம் விழுந்துவிட்ட கலேடியம் தொட்டியை என்ன செய்வது?

மயிலை மாடி:
வணக்கம். வடக்குப் பார்த்த எங்கள் பால்கனியில் நேர்வெயில் விழுவதே இல்லை. பூச்செடிகள் எதுவும் நிலைக்காததால், சென்ற கோடையில் நர்சரியிலிருந்து கலேடியம் தொட்டிகள் சிலவற்றை வாங்கி வைத்தேன். ஐப்பசி வரை இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக அகன்ற இலைகளோடு கண்ணுக்கு நிறைவாக இருந்தவை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒவ்வொரு காம்பாகச் சாய்ந்து, இப்போது தை மாதத்தில் வெறும் மண் மட்டுமே தெரிகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒரு துளிர்கூட வரவில்லை. செடி செத்துவிட்டதா? இதற்கிடையில், இணையத்தில் வாங்கிய உலர்ந்த கிழங்குகளும் வந்து சேர்ந்திருக்கின்றன; அவற்றில் எது மேல்பக்கம் என்பதே புரியவில்லை. இவற்றை இப்போதே நடலாமா? பின்புறத்து வேப்பமரத்தடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே தரையில் வைத்தால் வருமா?

நாஞ்சில் தோட்டம்:
முதல் வேலையாகத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். செடி சாகவில்லை, உறங்குகிறது. பிரேசிலும் அதைச் சுற்றியுள்ள வெப்ப நாடுகளும்தான் கலேடியத்தின் பூர்வீகம். அங்கே மழைக்காலத்தில் இலை விட்டு, வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துக் கிழங்குக்குள் ஒடுங்கிவிடுவது அதன் இயல்பு. மார்கழிக் குளிர் நமக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் அதற்குப் போதும். இலையில்லாத கிழங்கு தண்ணீரை உறிஞ்சாது. ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும்.

தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்குகளை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பவை பிழைக்கும். மெத்தென்று அமுங்கி நாற்றம் அடிப்பவற்றை எறிந்துவிடலாம். நல்லவற்றை மண் உதிர்த்து, நிழலில் சில நாள் ஆறவிட்டு, உலர்ந்த மணலிலோ தென்னைநார்த் தூளிலோ புதைத்து அறைக்குள் வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு உள்ளே கெட்டுப்போகும்.

மேல்பக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு பக்கம் மேடு பள்ளமாக, சிறு சிறு முளைக்கண்களோடு இருக்கும்; அதுதான் மேல்பக்கம். மற்றப் பக்கம் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். தலைகீழாக நட்டாலும் முளை வளைந்து மேலே வந்துவிடும், தாமதமாகும், அவ்வளவுதான். வேர்களும் அந்தக் கண்களைச் சுற்றித்தான் புறப்படுகின்றன. ஆகவே கிழங்குக்கு மேல் சுமார் 5 சென்டிமீட்டர் மண் இருக்க வேண்டும்.

மண் 21 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் முளைப்பு ஒழுங்காக வரும். சென்னையில் தை மாதத்திலேயே அந்தச் சூடு இருக்கும் என்பதால் புதுக் கிழங்குகளை இப்போது நடுவதற்குத் தடையில்லை. ஆனாலும் பங்குனி வரை பொறுத்தால் முளைகள் விரைவாகவும் ஒரே சீராகவும் வரும் என்பதால், நானாக இருந்தால் பொறுப்பேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் பொறுக்க வேண்டும். செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம் மூன்றையும் சமமாக எடுத்து ஒரு கை ஆற்றுமணல் சேருங்கள். முதலில் ஒருமுறை நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி ஊற்றுங்கள். நிழல் செடி என்பதால் உங்கள் பால்கனியே இதற்குப் போதும்.

கோவை நிழல்வலை:
மேலே சொன்ன கடைசி வாக்கியத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. உலகச் சந்தைக்கு வரும் கலேடியம் கிழங்குகளில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள லேக் பிளாசிட் என்ற சிற்றூரைச் சுற்றி விளைகிறது. அங்கே அவை நிழலில் அல்ல, திறந்த வயலில், தாராளமான பாசனத்தோடு வளர்கின்றன. நாம் நிழல் கொடுப்பது இலை கருகாமல், நிறம் வெளிறாமல் இருப்பதற்காகத்தான். வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்தால் காம்பு நீண்டு, மெலிந்து, வெளிச்சம் வரும் திசைக்குச் சாய்ந்துவிடும். எனவே உங்கள் பால்கனியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, வானம் தெரியும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

ரகமும் முக்கியம். வெள்ளை இலையில் பச்சை நரம்போடும் ‘கேண்டிடம்’ 1868 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய ரகம்; உங்கள் இடத்துக்கு அதுவே சரி. ‘ரெட் ஃப்ளாஷ்’ போன்ற சிவப்பு ரகமும், குறுகலான நீள இலை உள்ளவையும் காலை வெயிலைத் தாங்கும்.

வேப்பமரத்தடியில் நேராகத் தரையில் நட வேண்டாம். மரத்தின் வேர் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், கிழங்கு பெருக்காது. தொட்டியோடு விளிம்புவரை மண்ணில் புதைத்து வைத்தால், பார்வைக்குத் தரையில் வளர்ந்ததுபோலவே இருக்கும். கனமழை தொடங்கும்போது தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலையில் பச்சை ஏறி நிறம் மங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மயிலை மாடி:
இருவருக்கும் மிக்க நன்றி. கிழங்குகளை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு தொட்டியில் இருந்தது மட்டும் கூழாகிவிட்டது, மற்றவை கெட்டியாகவே இருக்கின்றன. நடுக்கண்ணைக் கத்தியால் தோண்டிவிட வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது அவசியமா? வீட்டில் பூனை இருப்பதால் அதைப் பற்றியும் ஒரு கவலை.

நாஞ்சில் தோட்டம்:
வெளிச்சத்தைப் பற்றிக் கோவை நண்பர் சொன்னது சரிதான். நானும் அதை ஏற்கிறேன்.

நடுவில் பருத்திருக்கும் கண் மற்றக் கண்களை அடக்கி வைத்திருக்கும். கத்தி முனையால் அதை மட்டும் மேலோட்டமாக நெம்பி எடுத்தால், ஓரக் கண்கள் எல்லாம் முளைத்துச் செடி அடர்த்தியாகும். ஆனால் இலைகள் சற்றுச் சிறுத்துவிடும். தொட்டி நிறைய இலை வேண்டுமென்றால் செய்யலாம். அகன்ற இலைதான் அழகு என்று நினைத்தால் கிழங்கை அப்படியே விட்டுவிடுங்கள். சிறு கிழங்குகளில் இதைச் செய்யவே வேண்டாம். செய்வதானால், வெட்டிய இடத்தில் சாம்பலைத் தடவி, காயம் உலர்ந்த பிறகு நடுங்கள்.

பூனை விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. கலேடியம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைக் கருணையைப் போலவே இதிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும், எச்சில் வடியும். தரையிலோ திண்ணையிலோ வைக்காமல், பூனை தாவி எட்ட முடியாத தொங்கு தொட்டிகளில் வையுங்கள். கிழங்கை வெட்டும்போது நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் பாளை போன்ற பூ எட்டிப் பார்த்தால் அடியோடு கிள்ளிவிடுங்கள். அதற்குப் போகும் சத்து இலைக்குப் போகட்டும்.