பூஸ்டர் தவணைக்குத் தமிழ்: 'மேல்தவணை' என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அடிப்படைத் தவணைகள் முடிந்து, அவை தந்த எதிர்ப்பு குறைந்த பிறகு போடும் தடுப்பூசித் தவணையைத்தான் 'பூஸ்டர்' என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் நம் குழுவில் ஆரம்பித்த பேச்சில் இதுவரை ஆறு சொற்கள் வந்திருக்கின்றன: ஊக்கத் தவணை, வலுவூட்டல் தவணை, செயலூக்கித் தடுப்பூசி, மூன்றாம் தவணை, கூடுதல் தவணை, அப்புறம் அரசு அறிவிப்பில் வந்த முன்னெச்சரிக்கைத் தவணை. 'பூஸ்டர்' என்றே விட்டுவிடலாமே என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கொரோனா காலத்தில் எங்கள் பக்கத்துத் தடுப்பூசி முகாம்களில் பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்தவன். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுக்க 40,000 இடங்களில் ஒரே நாளில் முகாம் நடந்ததே, அன்றிலிருந்து. ஒரு சொல் சரியாக இல்லாவிட்டால் எதிரில் நிற்கிறவர் முகம் எப்படிக் குழம்பும் என்று அங்கே நேரில் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண் வைத்த பெயரைக் கழித்துவிடலாம். 'மூன்றாம் தவணை' என்பது கோவிஷீல்டு, கோவாக்சின் போட்டவர்களுக்குச் சரி, அவை இரண்டு தவணைத் தடுப்பூசிகள். ஜான்சன் நிறுவனத்தின் தடுப்பூசி ஒரே தவணை, அதைப் போட்டவருக்கு இரண்டாவதே பூஸ்டர். நம் நாட்டு சைகோவ்-டி 2021 ஆகஸ்டில் ஒப்புதல் வாங்கியபோது மூன்று தவணைத் தடுப்பூசி. முதல் நாள், 28ஆம் நாள், 56ஆம் நாள். அதில் மூன்றாவது போட்டால்தான் அடிப்படையே முடிகிறது. எண்ணை வைத்துப் பெயர் சூட்டினால் தடுப்பூசிக்குத் தடுப்பூசி பொருள் மாறிக்கொண்டே போகும்.

'கூடுதல் தவணை'யை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது. சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவர்கள், புற்றுநோய்க்குக் கடும் மருந்து எடுப்பவர்கள் போன்றவர்களின் உடல் இரண்டு தவணைக்குப் பிறகும் போதிய எதிர்ப்பைக் காட்டாமல் இருக்கலாம். அவர்களுக்கு அடிப்படைத் தொடரையே ஒரு தவணை நீட்டுகிறார்கள். பூஸ்டர் கதை வேறு. முதலில் எதிர்ப்பு நன்றாக வந்து, மாதங்கள் போகப்போகக் குறைந்த பிறகு போடுவது அது. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் பிரித்தே சொல்கிறது. அமெரிக்காவில்கூட 2021 ஆகஸ்டில் முதல் வகைக்கும் செப்டம்பரில் இரண்டாம் வகைக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்தார்கள். ஊசி ஒன்றுதான், போடும் காரணம் வேறு. கலைச்சொல் என்று ஒன்று செய்தால் இந்த வேறுபாட்டை அது காப்பாற்ற வேண்டும். ஆகவே 'கூடுதல் தவணை'யை அந்த நோயாளிகளுக்கு என்று ஒதுக்கிவிடுவோம்.

இனி முன்னெச்சரிக்கை. 2021 டிசம்பர் 25 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசியபோது 'பிரிகாஷன் டோஸ்' என்று அறிவித்தார். ஜனவரி 10 முதல் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயது கடந்தவர்கள் என்று தொடங்கினார்கள். அதைத் தமிழில் அப்படியே முன்னெச்சரிக்கைத் தவணை ஆக்கிப் பதாகையில் எழுதினோம். அந்தப் பதாகையைக் கட்டியதில் நானும் ஒருவன்.

ஒரு நாள் எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா மேசைக்கு வந்தார், கையில் மஞ்சள் பை, பைக்குள் மடித்து வைத்த ஆதார் நகல். பதாகையை ஒரு தடவை படித்தார், என்னைப் பார்த்தார். "எனக்குத்தான் ரெண்டு ஊசியும் போட்டு, அதுக்கப்புறம் கொரோனாவும் வந்து போயிடுச்சே தம்பி, இனிமே என்ன முன்னெச்சரிக்கை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. முன்னெச்சரிக்கை என்றால் வருமுன் காப்பது, அவருக்கு வந்தே போய்விட்டது. அப்படிப் பார்த்தால் முதல் தவணையும் முன்னெச்சரிக்கைதான், எல்லாத் தடுப்பூசியும் முன்னெச்சரிக்கைதான். மூன்றாவதற்கு மட்டும் அந்தப் பெயரை ஏன் வைத்தோம் என்று என்னால் அவருக்கு விளக்க முடியவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார், அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

நாட்டில் இரண்டாம் தவணை சுமார் 95 கோடிப் பேர் போட்டார்கள், முன்னெச்சரிக்கைத் தவணை சுமார் 23 கோடியோடு நின்றது. இதற்குக் காரணம் பெயர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அலை அடங்கிவிட்டது, பயம் போய்விட்டது, 2022 ஏப்ரலில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் திறந்தபோது பெரும்பாலானவர்களுக்குத் தனியார் மையங்களில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருந்தது. ஆனாலும் 'இது எதற்கு' என்ற கேள்விக்குப் பெயரே பதில் சொல்லியிருந்தால் மேசையில் எங்கள் வேலை பாதி குறைந்திருக்கும்.

'ஊக்கத் தவணை' பற்றி. இதற்குத்தான் ஆதரவு அதிகம் என்று தெரிகிறது, நாளிதழ்களிலும் ஓரளவு புழங்கியது. எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஊக்கமருந்து என்றால் தமிழ் வாசகருக்கு விளையாட்டு வீரர் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு பதக்கத்தை இழப்பதுதான் நினைவுக்கு வரும். ஊக்கத் தடுப்பூசி அதற்குப் பக்கத்து வீடு. இன்னொன்று, ஊக்கத்தொகை என்கிறோம், சம்பளத்துக்கு மேல் கிடைப்பது, கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பிழைப்பு ஓடும். ஊக்கம் என்ற சொல்லே 'விரும்பினால் போட்டுக்கொள்' என்ற தொனியைக் கொண்டுவருகிறது. முகாமில் "பூஸ்டர்னா சத்து ஊசியா?" என்று கேட்டவர்கள் உண்டு, அவர்களுக்கு 'ஊக்க ஊசி' என்று விளக்கியபோது ஆமாம் சத்து ஊசிதான் என்று உறுதியே செய்துகொண்டார்கள். வலுவூட்டலும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. செயலூக்கி என்றால் எதன் செயலை ஊக்குகிறது என்று அடுத்த கேள்வி.

'பூஸ்டர் என்றே இருக்கட்டும்' என்ற அண்ணனுக்கு ஒரு சேதி. பூஸ்டர் இன்று நேற்று வந்ததில்லை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பூசிக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று என்று வெகுகாலமாகவே அரசு அட்டவணையில் இருக்கிறது. செவிலியர்கள் பதிவேட்டில் பூஸ்டர் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் வாயில் அந்தச் சொல் ஏறவேயில்லை, 'ஒன்றரை வயசு ஊசி', 'அஞ்சு வயசு ஊசி' என்பார்கள். பூஸ்டர் என்ற சொல் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை, வயது சொன்னது, அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். ஸ்பானியத்தில் 'ரெஃபுவெர்சோ', வலுப்படுத்துதல். ஜெர்மனில் இதற்கான சொல் 'புதுக்குதல்' என்ற வேரிலிருந்து வருகிறது. பிரெஞ்சில் 'ரப்பெல்', திரும்ப அழைத்தல், நினைவூட்டல். உடலுக்குள் நடப்பதற்கு மிக நெருங்கியது பிரெஞ்சுதான். முதல் தவணைகளுக்குப் பிறகு ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, ஈழத்தில் பிறபொருளெதிரி) மெல்லக் குறையும். அது குறைபாடு இல்லை, எதிரியே வராதபோது உடல் படையை முழு அளவில் வைத்திருக்காது. ஆனால் அந்த எதிரியின் முகத்தை அடையாளம் வைத்திருக்கும் நினைவணுக்கள் நிணநீர்க் கணுக்களிலும் மற்ற இடங்களிலும் தங்கிவிடும். பூஸ்டர் போட்டதும் அவை எழுந்து பெருகுகின்றன. முதல் தடவை வாரக்கணக்கில் ஆனது இப்போது சில நாட்களில் நடக்கிறது, வரும் எதிர்ப்பொருளும் முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. ஒமிக்ரான் 2021 நவம்பர் கடைசியில் வந்தபோது இரண்டு தவணையின் பாதுகாப்பு சரிந்தது, பூஸ்டர் போட்டவர்களுக்குக் கடும் நோயிலிருந்து பாதுகாப்பு மறுபடி மேலேறியது இதனால்தான்.

அதனால் நானும் சில காலம் 'நினைவூட்டுத் தவணை' என்றே எழுதி வந்தேன், இந்தக் குழுவில் முன்மொழியவும் இருந்தேன். எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் காட்டியபோது ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தவணை தேதி வந்துடுச்சுன்னு நாங்க போன்ல சொல்றோமே, அதைத்தானே நினைவூட்டல்னு சொல்வோம்?" பதிவேட்டில் 'நினைவூட்டு முடிந்தது' என்று ஒருவர் எழுதினால் ஊசி போட்டாயிற்றா, ஆளுக்குத் தகவல் சொல்லியாயிற்றா? அந்தச் சொல்லை அன்றே கைவிட்டேன், வருத்தம்தான்.

சரி, 'மேல்தவணை'க்கு வருகிறேன். இது நான் யோசித்ததில்லை. 2022 ஜூலை 15 முதல் 75 நாளுக்கு 18 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசு மையங்களில் இலவசம் என்று அறிவித்தார்கள் இல்லையா, அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊராட்சிப் பள்ளியில் முகாம். அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24-லேயே திறந்துவிட்டதால் குறுவை முன்கூட்டியே நட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் வயலுக்கு யூரியா போட்டுவிட்டு நேரே வந்திருந்தார், வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி, காலில் சேறு காயவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர், ரெண்டு ஊசி சரியா வேலை செய்யலைன்னுதானே மூணாவது போடச் சொல்றீங்க என்று என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தார். நான் நினைவணு அது இது என்று தடுமாறிக்கொண்டிருக்க, பெரியவர் குறுக்கிட்டார். "ஏம்ப்பா, அடியுரம் போட்டாச்சுன்னு மேலுரம் போடாம விடுவியா? மேலுரம் போட்டா அடியுரம் வீணாப் போச்சுன்னு அர்த்தமா?"

முன்னால் நின்றவர் பேசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பொருந்துகிறது. நடவுக்கு முன் போடுவது அடியுரம். பயிர் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது என்று பிரித்துப் போடுவது மேலுரம். தழைச்சத்தை மொத்தமாக முதலிலேயே கொட்டினால் தண்ணீரோடு போய்விடும், அதனால்தான் பிரிப்பது. காலம் பார்த்துப் போட வேண்டும். முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். பூஸ்டருக்கும் முதலில் 9 மாத இடைவெளி வைத்து, பிறகு 6 மாதமாகக் குறைத்தார்கள். அடியுரம் இல்லாமல் மேலுரம் மட்டும் போட்டுப் பயனில்லை என்பதும் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலுரம் போடும் எந்த விவசாயியும் அடியுரம் தோற்றுவிட்டது என்று நினைப்பதில்லை. நாங்கள் மேசையில் தினமும் சந்தித்த சந்தேகத்துக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஆகவே அடிப்படைத் தவணைகளுக்கு அடித்தவணை, பூஸ்டருக்கு மேல்தவணை. இரண்டும் ஜோடியாக நிற்கும். நேற்று யாழ்ப்பாணத்து அன்பரிடம் தனியே கேட்டேன், அங்கே உரம் என்பதைவிடப் பசளை என்பதுதான் வழக்கு, ஆனால் அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை என்று அதே அடியும் மேலும் இருக்கின்றன என்றார். கடலுக்கு இருபுறமும் ஒரே மாதிரி விளங்கும் சொல் அடிக்கடி கிடைப்பதில்லை. அங்கே தடுப்பூசி 'ஏற்றுவார்கள்', இங்கே 'போடுவோம்', இரண்டு வினையோடும் மேல்தவணை ஒட்டுகிறது.

வரக்கூடிய மறுப்புகளுக்கு என் பதில். ல் முன் த வந்தால் புணர்ச்சியில் 'மேற்றவணை' ஆக வேண்டாமா என்று இலக்கணம் அறிந்த ஐயாக்கள் கேட்பார்கள். விதிப்படி சரி. ஆனால் மேல்தளம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம், கல்தூண் என்கிறோம். மேற்றவணை என்று அச்சிட்டால் செவிலியர் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். மருத்துவத் துண்டறிக்கையில் அது ஆபத்து, ஆகவே பிரித்தே எழுதுவோம்.

'மேல்' என்றால் மருந்தின் அளவு அதிகம் என்று தோன்றாதா? மாடர்னாவின் பூஸ்டர் 50 மைக்ரோகிராம், முதல் தவணைகளின் 100-இல் பாதி, ஆகவே அப்படி ஒரு பொருள் வந்தால் பிழைதான். ஆனால் மேலுரம், மேல்பூச்சு, மேல்படிப்பு எதிலும் 'அதிகம்' என்ற பொருள் இல்லை, அடித்தளம் முடிந்தபின் அதன்மேல் வருவது என்பதே பொருள். 'அடித்தவணை'யில் அடிக்கிற அடி ஒலிக்கிறது என்று யாருக்காவது பட்டால் 'அடிப்படைத் தவணை' என்று நீட்டிக்கொள்ளலாம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

மேலூசி என்று சுருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். சுருக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊசி என்பதையே விட்டுவிடுவது நல்லது. சைகோவ்-டிக்கு ஊசியே கிடையாது, அழுத்தத்தால் தோலுக்குள் செலுத்தும் கருவி. பாரத் பயோடெக்கின் இன்கோவாக் மூக்கில் விடும் சொட்டு, 2023 ஜனவரியில் வந்தது, அதுவும் பூஸ்டராகத்தான் பெரிதும் பேசப்பட்டது. தவணை என்ற சொல் கடன் தவணையை நினைவுபடுத்தினாலும் கொரோனாவில் நன்றாக ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது பூஸ்டர் என்றால் இரண்டாம் மேல்தவணை. அடித்தவணைக்கு ஒரு தடுப்பூசி, பூஸ்டருக்கு வேறொன்று, கோவிஷீல்டு போட்டவருக்கு கோர்பேவாக்ஸ் கொடுத்தது போல, அதற்கு 'மாற்று மேல்தவணை' போதும் என்று நினைக்கிறேன், இன்னும் நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

செவிலியர் அக்கா அடுத்த புதன்கிழமை குழந்தைகள் தடுப்பூசி நாளில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அவருக்காக நான் எழுதிக் கொடுத்த வரி இது: 'உங்கள் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கான அடித்தவணை மூன்றும் முடிந்தது. முதல் மேல்தவணை ஒன்றரை வயதில். இரண்டாம் மேல்தவணை ஐந்து வயதில்.' தாய்மார்கள் இதைக் கேட்டுவிட்டு என்ன திருப்பிக் கேட்கிறார்கள் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு மாவட்டங்களிலும் ஈழத்திலும் மருத்துவமனையில் வேலை செய்யும் நண்பர்கள் யாராவது இதே வரியைச் சொல்லிப் பார்த்து அந்தக் கேள்விகளை அனுப்பினால், அதை வைத்துத் துண்டறிக்கையைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறேன்.