விடியுமுன் போடும் எடைச் சீட்டெல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறுகிறது – உதவி தேவை

மண்டபம் வாடி:
வணக்கம். மண்டபத்தில் நண்டு, கணவாய் எடுத்துக் கம்பெனிகளுக்கு அனுப்பும் வாடி எங்களுடையது. நோட்டுக் கணக்கை விட்டுவிட்டு, மதுரையில் ஒருவரிடம் சொல்லி மொபைல் ஆப் செய்து வாங்கினோம். சர்வர் அமேசான் கிளவுடில், மும்பையில். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் அதே சர்வரில்தான். கரையில் எடை போடும் பையன் மொபைலில் பதிவு செய்வான், சீட்டைப் படம் பிடித்தும் ஏற்றிவிடுவான்.

நாட்டுப்படகுகள் விடியுமுன்பே வந்துவிடும். அப்போது போடும் சீட்டு முந்தின நாளில் போய் உட்காருகிறது. உதாரணமாக, 12ஆம் தேதி காலை 4.20க்கு எடுத்த 38 கிலோ நண்டு, ரிப்போர்ட்டில் 11ஆம் தேதி வரவு. 11ஆம் தேதிக் கணக்கை முடித்து, படகுக்காரர்களுக்குப் பட்டுவாடாவும் ஆன பிறகு அதில் 38 கிலோ கூடி நிற்கிறது. ஆறு மணிக்கு மேல் போடும் சீட்டில் கோளாறே இல்லை. டவர் சரியில்லாமல் தாமதமாகப் போகிறதோ என்று பார்த்தால், தாமதமானால் அடுத்த நாளுக்குத்தானே போக வேண்டும்?

தொண்டி தம்பி:
அண்ணே, மொபைலில் தேதி, நேரம் தானாக எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறீர்களா?

மண்டபம் வாடி:
அப்படித்தான் இருக்கிறது தம்பி. எந்த மொபைலில் போட்டாலும் இதே கதை.

கீழக்கரை–துபாய்:
டவர் மேல் பழி போடாதீர்கள். கிளவுட் சர்வரை எந்த ஊரில் எடுத்தாலும் நாமாக மாற்றாதவரை அது பொதுவாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். மும்பையைத் தேர்ந்தெடுத்ததால் மும்பை நேரம் வந்துவிடாது. நம் நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே. உங்கள் 12ஆம் தேதி காலை 4.20, சர்வருக்கு 11ஆம் தேதி இரவு 10.50. இங்கே 5.30 அடித்தால்தான் அதற்கு 12ஆம் தேதி பிறக்கும்.

மாதப் பிறப்பையும் ஒரு தடவை பாருங்கள். 1ஆம் தேதி விடியுமுன் எடுத்த சரக்கு போன மாதத்தில் இருக்கும். அதுவும் ஏப்ரல் 1 என்றால் போன நிதியாண்டிலேயே போய் விழுந்திருக்கும். ஆடிட்டர் கையில் போகுமுன் சரிசெய்துவிடுங்கள்.

பாம்பன் விசைப்படகு:
இதற்கு ஏன் இவ்வளவு? சர்வர் கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தால் முடிந்தது.

மண்டபம் வாடி:
மதுரைக்காரரும் நேற்று அதைத்தான் செய்தார். தானாக நேரம் சரிசெய்வதை நிறுத்திவிட்டுத் தள்ளி வைத்தார். தேதி சரியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து சீட்டுப் படம் ஒன்றுகூட ஏறவில்லை, கீழக்கரை அண்ணே.

கீழக்கரை–துபாய்:
ஏறாது. கடிகாரத்தை நகர்த்துவது வேறு, நேர மண்டலத்தை மாற்றுவது வேறு. படங்கள் அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3யில்தானே சேருகின்றன? சர்வர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரத்தோடு ஒரு கையொப்பம் போகும். அந்த நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பிசகினால் எஸ்3 வாங்காது, திருப்பி அனுப்பிவிடும்.

முதலில் கடிகாரத்தைப் பழையபடி வைத்து, தானாகச் சரிசெய்வதையும் திரும்பப் போடச் சொல்லுங்கள். டேட்டாபேஸில் யூடிசியே இருக்கட்டும். திரையிலும் ரிப்போர்ட்டிலும் காட்டும்போது ‘ஏசியா/கொல்கத்தா’ (நம் இந்திய நேரம்) நேர மண்டலத்துக்கு மாற்றினால் போதும். மைஎஸ்க்யூஎல்லில் நேரத்தைச் சேமிக்கும் கட்டம் டைம்ஸ்டாம்ப் வகை என்றால் இணைப்பின் நேர மண்டலத்துக்கு ஏற்ப அதுவே மாற்றித் தரும். டேட்டைம் என்றால் போட்டது போட்டபடி கிடக்கும், ஆப்தான் மாற்ற வேண்டும். எந்த வகை என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம், ‘கணக்கு நாள்’ என்று தனியாக ஒரு கட்டம். இரவு 11 மணிக்கு ஒரு படகு வருகிறது, மற்றது விடியலில் வருகிறது. வாடியில் இரண்டும் ஒரே நாள் கணக்கு. இது எந்தக் கிளவுடுக்கும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். எடை போட்ட நேரத்தை மொபைலிலிருந்தும், வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வரிலிருந்தும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் டவர் இல்லாத நாளிலும் குழப்பம் வராது.

பழைய சீட்டுகளைத் தொடுமுன் வட்டை அப்படியே ஒரு நகல் (ஸ்னாப்ஷாட்) எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் தள்ளியிருந்த நேரத்தில் விழுந்த சீட்டுகளில் மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கழித்தால் சரியாக இருப்பதும் கெட்டுப்போகும்.

மண்டபம் வாடி:
டேட்டைம்தானாம். கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் படங்கள் ஏற ஆரம்பித்துவிட்டன. ராத்திரி 12க்கு வர வேண்டிய ரிப்போர்ட் காலை 5.30க்கு வந்துகொண்டிருந்ததற்கும் இதுதானா காரணம்?

கீழக்கரை–துபாய்:
அதேதான். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் க்ரானில் 18.30 என்று போடச் சொல்லுங்கள், நம்மூர் நள்ளிரவுக்கு வந்துவிடும்.

பாம்பன் விசைப்படகு:
இழையை இழுக்கிறேன், மன்னிக்கவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எங்கள் படகுகள் கரையில்தான் கிடக்கும். சர்வரை நிறுத்தி வைத்தால் வாடகை மிச்சமாகுமா? எங்கள் டேட்டாபேஸ் தனியாக அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இருக்கிறது.

கீழக்கரை–துபாய்:
சர்வர் ஓடும் வாடகை நின்றுவிடும். வட்டுக்கும், எடுத்து வைத்திருக்கும் பொது ஐபி முகவரிக்கும் பணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆர்டிஎஸ்ஸில் இன்னொரு வம்பு: நிறுத்தினால் 7 நாளில் தானாகவே எழுந்துகொள்ளும், பில்லும் கூடவே எழுந்துகொள்ளும். இரண்டு மாதம் வேண்டாம் என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ஆர்டிஎஸ் டேட்டாபேஸை அழித்துவிடுங்கள், ஜூனில் அதிலிருந்து புதிதாக எழுப்பலாம். அப்போது பழைய அமைப்புகளையும் ஒருமுறை சரிபாருங்கள். மண்டபத்து அண்ணனுக்கு இது ஒத்துவராது. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவருக்குச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். வரத்து குறைந்தால் சின்ன சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.