ஸ்டெல்லேரியத்தை நீக்கினால் தமிழ்99-ம் போகுதே: டிபெண்ட்ஸா, ரெகமெண்ட்ஸா?

காட்பாடி_லேப்:
காட்பாடி, குடியாத்தம் பக்கம் 4 பள்ளி லேப். எல்லாம் டெபியன் 12 லினக்ஸ். ஈக்விவ்ஸ் கருவியில் ஒரு மெட்டா பேக்கேஜ் (தன்னில் ஒண்ணும் இல்லாம, மற்ற பேக்கேஜ்களை இழுத்துவருவது) கட்டி, ஆசிரியர்கள் கேட்டதையெல்லாம் டிபெண்ட்ஸ் வரியில் போட்டிருக்கோம்: ஐபஸ்-எம்17என் (தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சுக்கு), லோகித் தமிழ் எழுத்துரு, ஜிகாம்ப்ரி (சிறுவர் கல்வி விளையாட்டுகள்), ஸ்டெல்லேரியம் (வானியல் மென்பொருள்). ஒரு லேப்பில் ஸ்டெல்லேரியத்தை நீக்கினாங்க, மெட்டாவும் கூடவே போச்சு. அப்புறம் ஆட்டோரிமூவ் (யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) ஓட்டினதும் தமிழ்99 தட்டச்சே காணோம். ஆளுக்கொன்று கேட்கிறாங்க, எப்படிச் சேர்ப்பது?

பாலாறு_டெப்:
ஆப்ட் (டெபியனின் பேக்கேஜ் நிறுவி) சரியாத்தான் செஞ்சிருக்கு. டிபெண்ட்ஸ் என்றால் 'இது இல்லேன்னா நானும் இல்லை'. தட்டச்சும் எழுத்துருவும் மட்டும் அதில் இருக்கட்டும், மற்றதை ரெகமெண்ட்ஸுக்கு ('இருந்தா நல்லது, இல்லேன்னாலும் பரவாயில்லை') மாற்றுங்க. அப்போ ஸ்டெல்லேரியம் போனாலும் மெட்டா நிற்கும். வெர்ஷனை 1.0-லிருந்து 1.1 ஆக்க மறக்காதீங்க. ஆசிரியர் நீக்கியதை அடுத்த அப்கிரேட் திரும்பக் கொண்டுவராது. புதுசா சேர்த்த ரெகமெண்ட்ஸ் மட்டும்தான் வரும்.

ஈக்விவ்ஸ் மாதிரிக் கோப்பில் செக்‌ஷன் 'மிஸ்க்' என்று இருக்கும். அதை 'மெட்டாபேக்கேஜஸ்' ஆக்குங்க, மெட்டா போனாலும் ஆட்டோரிமூவ் அதன் சார்புகளைத் தொடாது. ஏற்கெனவே ஓடும் கணினிகளில் 'ஆப்ட்-மார்க் மேனுவல் ஐபஸ்-எம்17என்' ஒரு தடவை ஓட்டுங்க, நாமே கேட்டு நிறுவியதுன்னு குறிச்சுக்கும்.

டெபியன் 13-க்குப் போகும்போதும் இந்த ரெகமெண்ட்ஸ் மாற்றம்தான் காப்பாற்றும். அங்கே இல்லாத பேக்கேஜ் ரெகமெண்ட்ஸில் இருந்தால் பரவாயில்லை. டிபெண்ட்ஸில் இருந்தால் மெட்டாவே சிக்கிக்கும்.

ஆம்பூர்_ரூட்:
யார் என்ன கேட்டாலும் முதலில் 'ஆப்ட் -எஸ் இன்ஸ்டால்' போட்டுப் பாருங்க. ஒண்ணும் நிறுவாம, எதெல்லாம் வரும், எது போகும்னு பட்டியல் தரும். 'நீக்கப்படும்' வரியில் ஒரு பெயர் வந்தாலும் அங்கேயே நிறுத்திடுங்க. எந்தப் பாடத்துக்கு வேணும்னும் கேளுங்க. பாதி கோரிக்கை அதிலேயே கரைஞ்சிடும்.

காட்பாடி_லேப்:
ஒருத்தருக்குப் புது ஜிகாம்ப்ரி வேணுமாம். உபுண்டு 24.04-க்கான பிபிஏ (தனியார் பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்தா 'லிப்சி6 (>= 2.38) தேவை' என்று நிற்குது.

பாலாறு_டெப்:
நிற்கத்தான் செய்யும், லிப்சி (எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) டெபியன் 12-இல் இருப்பது 2.36. லிப்சியை மட்டும் தனியா ஏத்திடாதீங்க, மொத்த சிஸ்டமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கு. பிபிஏவை எடுத்துட்டு, புக்வொர்ம் பேக்போர்ட்ஸில் (டெபியன் 12-க்குப் புது வெர்ஷன்கள் தரும் களஞ்சியம்) இருக்கான்னு 'ஆப்ட்-கேஷ் பாலிசி'யில் பாருங்க. பேக்போர்ட்ஸுக்கு முன்னுரிமை 100, வழக்கமான களஞ்சியத்துக்கு 500. அதனால் '-டி' போட்டு அந்தக் களஞ்சியத்தைக் குறிப்பிட்டுக் கேட்டாத்தான் வரும். அதுதான் நமக்கு வசதி.

காட்பாடி_லேப்:
1.1 கட்டியாச்சு. 3 லேப்பில் சரி, குடியாத்தத்தில் மட்டும் ரெகமெண்ட்ஸ் எதுவும் இறங்கலை.

ஆம்பூர்_ரூட்:
வட்டில் இடம் மிச்சம்னு யாரோ 'இன்ஸ்டால்-ரெகமெண்ட்ஸ்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கியிருப்பாங்க. 'ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்' ஓட்டி அந்த வரியைத் தேடுங்க.